குலுக்கிப் போட்ட ஆண்டுகள்

என் பட்டச் சான்றிதழைக் குடும்பத்துக்கு வெளியே முதலில் கையில் வாங்கிப் பார்த்தவர் ஜெராக்ஸ் அக்கா. நகர அமைப்பு அலுவலகத்தில் எனக்கு நேர்காணல் நடந்த நாள் காலை அது. அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில், சற்று உயரமான ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு பொந்துதான் அவர் கடை. பத்துப் பிரதி வேண்டும் என்றேன்.

"இன்டர்வியூவுக்கு ரெண்டு போதுமே தம்பி."

"இருக்கட்டும்க்கா. எங்க வீட்டுலயே முதல் பட்டம் இது."

"அப்ப சரி. வீட்டுல ஆளுக்கு ஒண்ணு வேணும்ல."

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் பத்தும் எடுத்துக் கொடுத்தார். சான்றிதழின் மூலையில் என் கட்டைவிரல் ஈரம் பட்டிருந்தது. அதைத் துணியால் ஒற்றி எடுத்து, "இப்படி அமுக்கிப் பிடிக்காத, ஓரமா பிடி," என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பட்டதாரி. ஆறு ஆண்டாகிறது. அலுவலகத்தில் பாதிப் பேர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கிண்டலாகத்தான் தொடங்கியது, எனக்கு அது கேட்க நன்றாகவே இருக்கிறது.

அந்தப் பொந்துக்குள் அக்கா பதினாறு ஆண்டாக நிற்கிறார். ஒரு முக்காலி உண்டு, அது வருகிறவர்களுக்கு. இயந்திரம் வேறெங்கோ உழைத்து ஓய்ந்தபின் இவரிடம் வந்து சேர்ந்தது. காகிதம் சிக்கினால் இடது பக்கம் முழங்கையால் ஒரு இடி கொடுத்து, "ஏண்டி, காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா," என்பார். அதுவும் அடங்கிவிடும். டோனர் கறுப்பு அவர் நகக்கண்களை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. தலைகீழாக நீட்டினாலும் படித்துவிடுவார். யாருக்கு இடமாற்றம், யார் வீட்டு வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது, யார் வயதைக் குறைத்து எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் இயந்திரத்தின் கண்ணாடி மேல் வந்து போகும். ஒன்றும் அவர் வாயிலிருந்து வெளியே வராது. ஒருமுறை கிண்டிப் பார்த்தேன்.

"மெஷினுக்கும்தான் எல்லாம் தெரியும். அது சொல்லுதா? எனக்கு மட்டும் என்ன கொழுப்பு," என்றார்.

அவர் கணவர் வெல்டர். இந்த நகரத்தின் பாதி ஜன்னல்களுக்குக் கம்பி போட்டவர் என்பார் அக்கா. பாதி என்பது மனைவி சொல்லும் பாதி. நாம் பார்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் புகை சேர்ந்து எட்டு ஆண்டுக்கு முன் இறந்துபோனார். ஒரே மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அக்கா இருப்பது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் கால்வாய்க்கரையில் இரண்டு அறை வீடு. சுவரை ஒட்டி அடுத்த வீடு நாத்தனாருடையது, கணவரின் தங்கை. நாத்தனாரின் கணவர் லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடக்கிறார். மகன் எங்கோ கப்பலில் வேலை. இரண்டு பெண்களுக்கும் ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை.

"நடுவுல ஒரு சுவர் இருக்கு. அது போதும் எங்க உறவுக்கு," என்பார் அக்கா.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நகரம் வளர்ந்த விதத்தை ஓடும் வரைபடமாகச் செய்வது. விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள், பிறகு செயற்கைக்கோள் படங்கள், இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி, ஒவ்வொரு கூரையையும் சுட்டியால் வரைய வேண்டும். வரைந்த ஒவ்வொரு கூரைக்கும் அட்டவணையில் ஒரு வரி. அந்த வரியில் 'ஆண்டு' என்று ஒரு கட்டம். படம் ஓடும்போது எந்த ஆண்டு வருகிறதோ, அந்த ஆண்டுக் கூரைகள் ஆரஞ்சு நிறத்தில் பற்றிக்கொள்ளும். நாலைந்து தெருவாக இருந்தது, ஆற்றைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, மலையடிவாரம் வரை போவதைத் தொண்ணூறு நொடியில் பார்த்துவிடலாம். இரண்டு ஆண்டு உழைத்தோம். கடைசியில் கோத்து ஓட வைத்தது நான்.

நகர மன்றத்தில் அதைத் திரையிட்ட அன்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். படத்தின் கீழே தயாரித்தவர் என்று என் பெயர், பக்கத்தில் நான் வாங்கிய பட்டம். அதை அப்பாவுக்குத் தொலைபேசியில் அனுப்பினேன். வயலில் நின்றபடியே மூன்று முறை பார்த்தாராம்.

"படர்தாமரை பரவுற மாதிரி இருக்குடா," என்றார். பிறகு, "ஆனா சுத்தமா செஞ்சிருக்க," என்றார்.

சுத்தம்தான் இல்லை. அது எனக்குத் தெரியும். எங்களிடம் எல்லா ஆண்டுக்கும் படம் கிடையாது. கால்வாய்க்கரைக்கு, பெரிய வெள்ளம் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பு எடுத்த ஒரு படம் இருந்தது. அதில் கரை வெறும் மண். அடுத்த படம் வெள்ளம் வடிந்து ஆறு ஆண்டு கழித்து எடுத்தது. அதில் நாற்பத்தொரு கூரை. நடுவில் பதினோரு ஆண்டு ஒன்றுமில்லை. நேர்மையாக ஓட்டினால் பதினோரு ஆண்டு கரை வெறிச்சோடிக் கிடந்து, ஒரே நொடியில் நாற்பத்தொன்றும் கொப்புளமாகக் கிளம்பும். அப்படித்தான் முதலில் ஓட்டிக் காட்டினேன். எங்கள் பிரிவுத் தலைவருக்குப் பிடிக்கவில்லை.

"இங்க துள்ளுது பாரு. படம் துள்ளக் கூடாது. வழுக்கிட்டுப் போகணும்."

வழுக்க வைத்தேன். ஒவ்வொரு கூரைக்கும் அந்தப் பதினோரு ஆண்டுக்குள் ஏதாவது ஒன்றைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி கணினிக்கு ஒரு வரிக் கட்டளை. எங்களுக்குள் அதற்குப் பெயர் குலுக்கல். ஆறு நொடியில் முடிந்தது. கரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள் முளைத்து, பார்க்க அவ்வளவு இயல்பாக இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்புப் போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். போடவில்லை.

திரையிட்ட மறுநாள் அக்காவின் முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே என் தொலைபேசியில் அவருக்குக் காட்டினேன்.

"என் வீடு எப்ப முளைக்குது, காட்டு."

பெரிதாக்கி, மெதுவாக ஓட்டி, நிறுத்தினேன். பணிமனைக்குப் பின்னால் ஒரு ஆரஞ்சுக் கட்டம். மூலையில் ஆண்டு. வெள்ளத்துக்குப் பின் மூன்றாம் ஆண்டு.

"தப்பு," என்றார் அக்கா. "வெள்ளத்துல என் டிரங்குப் பெட்டி மிதந்து போச்சு. வீடே இல்லாம பெட்டி எங்கேர்ந்து போகும்? வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கட்டினது. பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

"மேலேர்ந்து எடுத்த படம்க்கா. அது பொய் சொல்லாது," என்றேன்.

அக்கா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிப்பா. படிச்ச பிள்ளை சொல்ற. நான்தான் அஞ்சு வருஷம் அந்தரத்துல குடித்தனம் நடத்தியிருக்கேன் போல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் காகிதத்தை வாங்கினார்.

எட்டு மாதம் கழித்து, கால்வாய்த் துறையின் கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். அவர்கள் இயந்திரம் படுத்துவிட்டதாம். பதினேழு தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா ஒவ்வொன்றாக வைத்து எடுத்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது தாளில் கை நின்றது. முழுவதும் படித்தார். பிறகு அதைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய்த் திரும்பியது. மீதி எட்டையும் எடுத்து, ஓரம் தட்டி அடுக்கி, ஊழியரிடம் கொடுத்து அனுப்பினார்.

"பட்டதாரி," என்றார் என் பக்கம் திரும்பாமல். "என் வீடு எந்த வருஷம்னு சொன்ன?"

கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு கரையில் கட்டத் தடை இருந்ததால், வெள்ளத்துக்கு முன்பே இருந்த வீடுகள் தங்கலாம், பின்பு வந்தவை போக வேண்டும் என்று முடிவு. எது முன்பு, எது பின்பு என்று பார்க்க அந்தத் துறை எங்கள் படத்தின் அட்டவணையைக் கேட்டு வாங்கியிருக்கிறது. அதில் 'ஆண்டு' என்ற கட்டம் இருந்தது. கட்டத்தில் எண்ணும் இருந்தது. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நாற்பத்தொன்றில் இருபத்து நாலு முன்பு, பதினேழு பின்பு. அக்காவின் வீடு பின்பு. அறுபது நாளில் காலி செய்ய வேண்டும்; மறுப்பிருந்தால் அதற்குள் நடக்கும் விசாரணையில் சொல்லலாம். சுவரை ஒட்டிய நாத்தனார் வீட்டுக்குக் குலுக்கலில் வெள்ளத்துக்கு நாலு ஆண்டு முந்தைய எண் விழுந்திருந்தது. அது தங்கும்.

நான் நேராகப் பிரிவுத் தலைவரிடம் போனேன்.

"சார், கால்வாய்க்கரை ஆண்டெல்லாம் குலுக்கல். அதை வச்சு வீட்டை இடிக்கப் போறாங்க."

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் செய்றாங்கப்பா. கீழ சின்னதா ஒரு குறிப்புப் போட்டா முடிஞ்சுது."

"போட்டோமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த எண்ணு எப்படி வந்துச்சுன்னு அவங்க கேட்டுட்டுல்ல எடுத்திருக்கணும்," என்றார். பிறகு, என் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுகிற வேலை என்பதை மிக அன்பாக நினைவூட்டினார்.

மறுநாள் மதியம், அலுவலகங்கள் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்த நேரம், அக்காவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கை ஒரு ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

"குலுக்கல்னா?"

"கம்ப்யூட்டரே ஒரு வருஷத்தை எடுத்துப் போட்டுக்கும்க்கா."

"எதை வச்சு?"

"எதையும் வச்சு இல்ல."

"சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுற மாதிரி."

"ஆமா."

"இதுக்குப் படிக்கணுமா?"

அவர் குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். என் அம்மா ஊரில் என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கும் சுவர் என் கண்முன் வந்தது.

"சரி. போய் விசாரணையில சொல்லு. எழுதிக் கொடு, நானே பிரதி எடுத்துத் தரேன்."

"சொல்லலாம்க்கா. ஆனா அப்படிச் சொன்னா உங்க பதினேழு மட்டும் இல்ல, அந்த இருபத்து நாலும் சேர்ந்து செல்லாமப் போயிடும். உங்க நாத்தனார் வீடு உள்பட. எல்லாரும் புதுசா ஆதாரம் காட்டணும்."

ஸ்டேப்ளர் நின்றது. அக்கா தெருவைப் பார்த்தார். வெயிலில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அப்படிச் செய்றேன்க்கா," என்றேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என்னைக் கேக்காத. நான் சொல்லுன்னா இருபத்து நாலு குடும்பத்தைத் தெருவுல விட்டவ நான். வேண்டாம்னா என் வீட்டை நானே இடிச்சுக்கிட்டேன். ரெண்டுல எது நடந்தாலும் உன் கை சுத்தம். நல்லா இருக்கே உன் கணக்கு. நீ போட்ட எண்ணு அது. நீ சொல்றதா இருந்தா சொல்லு, இல்லாட்டிப் போ."

நான் நாலு நாள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. விசாரணைக்கு எழுதிய கடிதத்தை வேறு தெருவில் பிரதி எடுத்தேன்.

விசாரணை கால்வாய்த் துறையின் கூடத்தில் நடந்தது. கரைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கலாம் என்ற இருபத்து நாலு வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அதிகாரி ஒரு பெண். ஒவ்வொரு காகிதத்தையும் முழுக்கப் படித்த பிறகே வாயைத் திறக்கிறவர். என் கடிதத்தையும் அப்படியே படித்தார்.

"அப்ப இந்த நாற்பத்தொண்ணுல ஒண்ணுக்கும் உங்களுக்கு வருஷம் தெரியாது."

"தெரியாது மேடம்."

"தெரியாதுன்னு போட உங்க அட்டவணையில இடமே இல்லையா?"

"இடம் இருக்கு மேடம். அப்படிப் போட்டா வீடு படத்துல வராது."

அவர் பேனாவை மூடி வைத்தார். எங்கள் வரைபடத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் வெள்ளத்துக்கு முன்பு அங்கே இருந்ததற்கு அறுபது நாளில் வேறு ஆதாரம் காட்ட வேண்டும். பின்வரிசையில் கூச்சல் எழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினேன். அடுத்த வாரம் என்னைக் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. அதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. என் கூரையை யாரும் குலுக்கவில்லை.

கரையில் எல்லாப் பழியும் அக்கா மேல் விழுந்தது. அவர்தான் என்னைத் தூண்டிவிட்டார் என்று பேச்சு. நாத்தனார் கடைக்கே வந்துவிட்டார். நான் படிக்கட்டின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"உங்க வீடு போகுதுன்னா என் வீட்டையும் இழுத்துட்டுத்தான் போகணுமா அண்ணி? கட்டிலோட கிடக்கிற மனுஷனை நான் எங்க தூக்கிட்டுப் போவேன்?"

நாத்தனார் போனபின், "நான்தான் தானாப் போய்ச் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

"சொல்லு. நம்புவாங்க. ஆறு வருஷமா இந்த முக்காலியில உக்காந்து டீ குடிச்சது வேற யாரோன்னு நினைச்சுக்குவாங்க."

அதற்குப் பிறகு கரைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வரத் தொடங்கினார்கள். பிரதி எடுக்க வேண்டுமே. அலுவலகத்துக்கு எதிரே வேறு கடை கிடையாது. அக்காவோடு பேசாமல் காகிதத்தை நீட்டினார்கள், பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். பள்ளிப் பதிவேட்டின் பக்கம், தடுப்பூசி அட்டை, எப்போதோ போட்ட போலீஸ் புகாரின் ரசீது, சுவரில் நாள்காட்டி தெரிகிற ஒரு புகைப்படம். யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று முழுத் தெருவும் அக்காவின் கண்ணாடி மேல் வந்து போனது. அவருடையது மட்டும் வரவில்லை. இருந்ததெல்லாம் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. மகளைப் பள்ளியில் சேர்த்தது வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு. கரைக்குக் கதவு எண் கொடுத்தது அதற்கும் வெகுகாலம் பின்பு.

நான் வேறு துறைகளில் அந்தப் பதினோரு ஆண்டுப் படம் ஏதாவது கிடைக்குமா என்று அலைந்தேன். மின்வாரியத்தில் ஒன்று கிடைத்தது. வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டு, கம்பித்தடம் பார்க்க எடுத்தது. திறந்தேன். பணிமனை இருந்தது, பாலம் இருந்தது, கால்வாய் வளையும் இடத்தில் ஒரு வெள்ளை மேகம், சொல்லிவைத்து நிறுத்தினாற்போல் நின்றது. அக்காவிடம் அதைக் காட்டினேன்.

"மேகத்துக்குக் கீழதான் நான் சமைச்சுட்டு இருந்திருப்பேன்," என்றார்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தபோது நாத்தனார் வந்தார். முகத்தில் பல வாரத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. மருத்துவமனை முத்திரை போட்ட ஒரு தாளைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"என் பையன் பொறந்த பதிவு. மூணு நாள் நடந்து, பழைய ரெஜிஸ்டரைத் தேட வச்சு எழுதி வாங்கினேன். வெள்ளத்துக்கு முந்தின வருஷம். முகவரி போட்டிருக்கு பாருங்க."

அக்கா பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'கால்வாய்க்கரை, பணிமனைக்குப் பின்புறம், அண்ணன் வீடு, கதவு எண் இல்லை' என்று இருந்தது. வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்த புதிதில் நாத்தனாரும் கணவரும் மூன்று ஆண்டு அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். குழந்தை பிறந்தது அப்போது.

"இதுல அண்ணன் வீடுன்னு இருக்கு," என்றார் அக்கா மெதுவாக.

"கால்வாய்க்கரைன்னும் இருக்குல்ல."

"அந்தம்மா முழுக்கப் படிச்சுட்டுத்தான் கேப்பாங்க புள்ள."

"கேக்கட்டும். நீங்க எடுங்க."

"எத்தனை?"

"ஒண்ணு."

அக்கா ஒன்று எடுத்தார். இரண்டையும் ஓரம் சேர்த்துக் கொடுத்தார். நாத்தனார் தெருவைக் கடக்கும்வரை நான் பொறுத்திருந்தேன்.

"அக்கா, அது உங்க வீட்டுக்கான ஆதாரம். வெள்ளத்துக்கு முன்னாடி உங்க வீடு இருந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கு. இன்னொண்ணு எடுத்து வச்சிருக்கலாமே."

"அது அவ பேப்பரு."

"ஒரு தடவை அழுத்தினா போதும்."

"இந்தக் கண்ணாடி மேல வச்ச காகிதம் எதையும் வச்சவங்களுக்குத் தெரியாம ரெண்டாவது எடுத்ததில்ல. இப்ப எனக்குன்னு எடுத்தா, நாளைக்கு எவன் இங்க வந்து பேப்பர் வைப்பான்?" கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "அவ வீடு எப்ப எழும்புச்சுன்னு எனக்குத் தெரியாதா? என் சுவர்ல ஓட்டை போட்டுத்தானே அவங்க உத்திரத்தைச் சொருகினாங்க. வெள்ளம் வடிஞ்சு ரெண்டாவது வருஷம். என் வீட்டுக்காரர்தான் ஏணி பிடிச்சாரு."

"அப்ப இதை ஏன் இதுவரைக்கும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? அதிகாரிகிட்டயா?" என்றார்.

இரண்டாம் விசாரணை நாளில் அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பதினாறு ஆண்டில் வேலை நாளில் கடை பூட்டியது கணவர் இறந்தபோதும் இப்போதும்தான். அவர் எண் முதலில் வந்தது. எழுந்து நின்று, "எங்கிட்ட காகிதம் இல்லம்மா," என்றார். அவ்வளவுதான். அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். நாத்தனார் மேசைக்குப் போனார்.

அதிகாரி தாளைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"அண்ணன் வீடுன்னு இருக்கே. அப்ப உங்க வீடு?"

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"இந்த அண்ணன் வீடு எதும்மா?"

அண்ணன் உயிரோடு இல்லை. 'நான் இருக்கிறதுதான் அண்ணன் வீடு, எனக்கு விட்டுட்டுப் போனாரு' என்று நாத்தனார் சொன்னால் மறுக்கக் கூடத்தில் ஒருவர்தான் உண்டு. அந்த ஒருவர் குனிந்து தன் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கிற ஆளாக அவர் தெரியவில்லை. அது நாத்தனாருக்கும் தெரிந்தது. திரும்பி அண்ணியைப் பார்த்தார். நான் வரைந்த இரண்டு ஆரஞ்சுக் கட்டங்கள், ஒரே கோட்டால் பிரிந்தவை, என் கண்ணுக்குள் நின்றன.

"இவங்களுது," என்றார் நாத்தனார், கையை நீட்டி. "இவங்க வீடுதான் இருந்துச்சு. நாங்க அதுல இருந்தோம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். அக்கா தலையைத் தூக்கவேயில்லை.

நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது தங்கின, பன்னிரண்டு போயின. நாத்தனார் வீட்டை இடித்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலைத் தூக்க ஆள் தேவைப்பட்டது. கூரையையும் மூன்று சுவரையும் தள்ளினார்கள். நான்காவது அக்காவின் சுவர் என்பதால் விட்டுவிட்டார்கள். அதில் உத்திரம் இருந்த ஓட்டைகள் வரிசையாக வெளியே தெரிந்தன. கட்டிலை அதன் மேல் படுத்திருந்தவரோடு அப்படியே தூக்கி, அக்கா வீட்டின் இரண்டாவது அறைக்குள் கொண்டுபோய் வைத்தோம். வாசலில் திருப்பும்போது நிலையில் இடித்தது. "மெதுவா, மெதுவா, வண்டி பழசு," என்று கட்டிலில் இருந்தவரே சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனேன். நாத்தனார் வெளியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பாத்திரங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் என்னிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை.

"தம்பி, அன்னைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, இவங்கதான் வெளிய போயிருப்பாங்க."

"ஆமாங்க."

"பெட்டியைத் தூக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னிருப்பாங்க. வேற எங்க போவாங்க?" ஒரு தட்டை எடுத்துத் துடைத்தார். சுத்தமாக இருந்த தட்டை மறுபடியும் துடைத்தார். "உள்ள வாங்க அண்ணின்னு சொல்லியிருப்பேனான்னு யோசிக்கிறேன். ரெண்டு வாரமா அதே யோசனை."

என்னிடம் அதற்கும் ஒரு எண் இல்லை.

"இன்னும் என்ன அங்க உக்காந்துக்கிட்டு," என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். வந்து ஒரு கை பிடி."

நாத்தனார் தட்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.